ஸ்லோன் வீட்டு வாக்கு

— காரை எங்கே நிறுத்தியிருக்கே?

— வாசல்லதான் ஐயா.

— கொட்டகைக்குப் பின்னால கொண்டுபோய்ப் போடு. சாவு வீட்டுக்கு ஜனங்க வர்ற நேரம். இந்த எல்பர்ட் ஸ்லோன் வாசல்ல கோர்ட்டு கார் நிக்கக் கூடாது.

— அது கோர்ட்டு கார் இல்ல ஐயா, என் சொந்த வண்டி. ஒரு பக்கம் விளக்கு எரியாது, ஒரு பக்கம் கதவு திறக்காது. கோர்ட்டு இதைவிட நல்லதா வெச்சிருக்கும்.

— பின்னால என்னமோ ஒட்டியிருக்கியே, பெரிய எழுத்துல. போதையிலிருந்து மீண்டவள்னு.

— மீண்டுதானே வந்தேன்.

— மீண்டு வந்தா வாயை மூடிக்கிட்டு மீண்டு வரணும். அதைப் போய் மலைப் பாதையெல்லாம் ஓட்டிக் காட்டிக்கிட்டு.

— சரி, நகர்த்திடறேன். சாவி எங்க வெச்சேன்...

— வேண்டாம், உட்காரு டெலீனா. இப்போ வண்டியைக் கிளப்பினா எதிர் வீட்டு ஹேசல் மறுபடியும் ஜன்னலுக்கு வந்துடுவா. அவ கண்ணுக்கு இந்த வாரம் போதுமான தீனி கிடைச்சாச்சு.

— வெர்னாம்மா எங்க ஐயா? அவங்களைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும்னு வந்தேன்.

— தங்கச்சி வீட்டுல இருக்கா. மாத்திரை கொடுத்துப் படுக்க வெச்சிருக்காங்க. நாளைக்கு அடக்கத்துக்கு வந்தாப் போதும்.

— எப்படி இருக்காங்க?

— மகனைப் பறிகொடுத்தவ எப்படி இருப்பா?

— தப்பா கேட்டுட்டேன். எனக்கு இந்த மாதிரி நேரத்துல பேசத் தெரியாது ஐயா. ஞாயித்துக்கிழமை சேதி வந்ததுலேருந்து கையும் ஓடல, காலும் ஓடல. என்கிட்ட வந்த கேசுங்கள்லயே லோனி மாதிரி ஒருத்தன்...

— கேசுன்னு சொல்லாதே.

— மன்னிச்சுக்கோங்க. பையன்னு சொல்ல வந்தேன்.

— பையனும் இல்ல. முப்பத்தாறு வயசு ஆம்பள. சுரங்கத்துல முதுகை உடைச்சுக்கற வரைக்கும் ஒரு நாள் லீவு போடாதவன். லோனி ஸ்லோன்னு சொல்லு. பேரு இருக்குல்ல?

— லோனி ஸ்லோன்.

— அது. இப்போ நான் எதுக்குக் கூப்பிட்டனுப்பினேன்னு சொல்றேன், கேட்டுக்கோ. வியாழக்கிழமை உங்க போதை மீட்புக் கோர்ட்டுல அந்தச் சடங்கு நடக்குதே. பட்டம் கொடுக்கறது.

— ஆமா.

— அதுல ஜட்ஜம்மா என் மகன் பேரைக் கூப்பிடணும்.

— ஐயா...

— இரு, முடிக்கல. அவன் அங்க வாரா வாரம் வந்து நின்னான். நீங்க சொன்ன வகுப்புக்கெல்லாம் போனான். கூட்டத்துல எழுந்து நின்னு தன் கதையைச் சொல்லுன்னீங்க, சொன்னான். எங்க வீட்டுல யாரும் தன் கதையை யார்கிட்டயும் சொன்னதில்ல. அவன் சொன்னான். இந்த வியாழக்கிழமையோட எல்லாம் முடியுது. முடிச்சவன் பேர்ல இருக்கற திருட்டுக் கேசைக் கிழிச்சுப் போடறோம்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்க.

— கேஸ் தானாவே மூடிடும் ஐயா. ஆள் போயிட்டா அரசாங்கம் யார் மேல வழக்கு நடத்தும்? நீங்க அதைப் பத்திக் கவலைப்பட வேண்டாம்.

— அதைத்தான் வேண்டாங்கறேன். 'செத்துட்டான், அதனால மூடினோம்'னு இருக்கக் கூடாது. 'முடிச்சான், அதனால கிழிச்சோம்'னு இருக்கணும். ரெண்டுக்கும் வித்தியாசம் உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

— யார் ஐயா அதையெல்லாம் எடுத்துப் பாக்கப் போறாங்க?

— இந்த ஓடைக்கு என்ன பேரு?

— ஸ்லோன் ஓடை.

— பள்ளிக்கூடம் நிக்கற மண்ணு யார் கொடுத்தது? கோர்ட்டுல நான் ஜூரித் தலைவனா உட்கார்ந்திருக்கேன். எங்கப்பா உட்கார்ந்திருக்காரு. ஸ்லோன் ஒருத்தன் அந்தக் கட்டடத்துக்குள்ள போனா நாற்காலியில உட்காரத்தான் போவான். எங்க வீட்டுலேருந்து கைவிலங்கோட போன முதல் ஆள் இவன். எதுக்கு? பக்கத்து வீட்டுக் கிழவியோட மருந்து அலமாரியை உடைச்சதுக்கு. பணம் எடுத்திருந்தாக்கூடப் புரிஞ்சுக்குவேன். மாத்திரை எடுத்தான்.

— அப்போ வக்கீல்கிட்ட 'வெறும் திருடன்னே இருக்கட்டும், ஜெயிலுக்குப் போகட்டும், அந்தக் கோர்ட்டு வேண்டாம்'னு சொன்னீங்களாமே.

— யார் சொன்னது?

— லோனிதான். சிரிச்சுக்கிட்டே சொன்னான். 'எங்கப்பாவுக்குத் திருடன் பரவாயில்ல டெலீனா, சீக்காளிதான் ஆகாது'ன்னான்.

— திருடன் ஜெயிலுக்குப் போயிட்டு வந்தா விஷயம் முடிஞ்சது. போதைக்காரன்னு ஜனங்க முன்னாடி நின்னு தானே சொல்லிக்கிட்டா அது முடியுமா? ஒரு தடவை வந்து பார்த்தேன் உங்க கோர்ட்டை. போதும் போதும்னு ஆச்சு.

— ஒரே தடவைதான் வந்தீங்க. அவன் ஒவ்வொரு வாரமும் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பான்.

— என்ன பாக்கறதுக்கு வரணும்? ஒரு நீதிபதி, அங்கியோட, மேடையை விட்டு இறங்கி வந்து கையைக் குலுக்கறா. சுத்தி இருக்கறவங்க எல்லாம் கைதட்டறாங்க. என்ன சாதனைன்னு பார்த்தா, ஒருத்தன் ஒரு வாரமா ஊசி போட்டுக்கலையாம். நான் பொறந்ததுலேருந்து போட்டுக்கல. எனக்கு எவன் கைதட்டினான்?

— நான் வேணா தட்டட்டுமா?

— வாய். உங்கம்மா வாய் அப்படியே.

— அம்மாவைத் தெரியுமா உங்களுக்கு?

— பள்ளிக்கூடச் சமையல்கட்டுல இருந்தவதானே. சோள ரொட்டியைத் தட்டுல வைக்கும்போதே நாலு வார்த்தை சேர்த்து வைப்பா. ஆனா நல்ல பொம்பள, உழைச்சவ. அவளுக்கு நீ வந்து பொறந்தே.

— அதை அவங்களே தினமும் சொல்லுவாங்க. இப்போ கொஞ்சம் குறைச்சுட்டாங்க.

— சரி, பேச்சை மாத்தாதே. பேரைக் கூப்பிடுவாளா, மாட்டாளா?

— நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே நான் கேட்டுட்டேன் ஐயா. நேத்து ஜட்ஜம்மா அறைக்குப் போய் நின்னேன். 'லோனி பேரையும் படிங்கம்மா'ன்னேன்.

— என்ன சொன்னா?

— அழுதாங்க முதல்ல.

— நீதிபதி அழறாளா? சரி. அப்புறம்?

— படிக்கறேன்னாங்க. ஆனா என்ன சொல்லிப் படிக்கறதுன்னு கேட்டாங்க. ரத்தப் பரிசோதனை தலைநகருக்குப் போயிருக்கு. இந்த ஊர்ல வரிசையில எத்தனை பேர் இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும், வாரக்கணக்காகும். அதுக்குள்ள வியாழக்கிழமை வந்துடும். அதனால, 'நீ எல்பர்ட் ஸ்லோன்கிட்ட நேராப் போய்க் கேளு. அவர் என்ன சொல்றாரோ அதையே நான் சபையில சொல்றேன். எனக்குப் பரிசோதனை வேண்டாம், அவர் வார்த்தை போதும்'னாங்க.

— அப்படியா சொன்னா?

— அப்படியேதான்.

— நல்ல குடும்பம் அது. அவ தாத்தாவை எனக்குத் தெரியும். சரி, கேளு.

— என்ன நடந்தது ஐயா?

— இதயம். எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு எல்லாம் இதயம்தான். எங்கப்பா வேலிக் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டே நின்னபடி போனார். நான் காலையில கதவைத் திறந்து உள்ள போனேன், லோனி போயிருந்தான். அவ்வளவுதான் விஷயம்.

— ஞாயித்துக்கிழமை காலையில சோதனைக்கு அவன் நிறம் வந்தது.

— அந்த நிறக் கூத்து வேற. விடிஞ்சதும் விடியாததுமா போனை எடுத்து, இன்னைக்குப் பச்சையா, மஞ்சளான்னு கேட்டுக்கிட்டு நிப்பான். தன் நிறம்னா ஓடணும். இவன் கோப்பையில மூத்திரம் பெய்ய, பக்கத்துல ஒருத்தன் நின்னு பாக்கணும். ஸ்லோன் வீட்டுப் பிள்ளை.

— அவன் ஒரு தடவைகூடத் தப்பினதில்ல ஐயா. பனி விழுந்து பாதை அடைச்சப்போ உங்க டிராக்டரை ஓட்டிக்கிட்டு வந்தான். வந்து, 'கோப்பையை எடு டெலீனா, வர்ற வழியிலேயே உறைஞ்சிருக்கும்'னான். அப்படிப்பட்டவன் ஞாயித்துக்கிழமை வரல. அதான் வீட்டுக்குப் போன் பண்ணேன். நீங்க எடுத்தீங்க.

— எடுத்தேன்.

— தூங்கறான்னு சொன்னீங்க.

— சொன்னேன்.

— அப்போ அவன்...

— போயிட்டான்னு சொல்றேனே. போயிட்டான். அவன் அம்மாவுக்கே நான் இன்னும் சொல்லல, அவ கோழிக்குத் தீனி போட்டுக்கிட்டிருந்தா. பெத்தவளுக்கு முன்னாடி உனக்குச் சொல்லணுமா?

— இல்ல. நியாயம்தான்.

— பின்னே?

— நான் போனை வெச்சுட்டு, 'பாவம், ஒரு நாள் தூங்கட்டும், நான் சமாளிச்சுக்கறேன்'னு காப்பி போட்டுக் குடிச்சேன் ஐயா. அதான் என்னை அரிக்குது. எங்க வீட்டுலேருந்து இந்த மலையேற எவ்வளவு நேரம் ஆகப்போகுது? போதையை முறிக்க மூக்குல அடிக்கற மருந்து என் பையில எப்பவும் கிடக்கு. கிளம்பி வந்திருந்தேன்னா...

— வந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது.

— போனவங்களுக்கு அது வேலை செய்யாதுதான். ஆனா மூச்சு துளி ஒட்டிக்கிட்டிருந்தாப் போதும். ஒரு தடவை அடிச்சா எழுந்து உட்கார்ந்து நம்மளையே கெட்ட வார்த்தையில திட்டுவாங்க. நானே ரெண்டு பேரை அப்படித் திட்டியிருக்கேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒண்ணு கொடுத்தோமே, உங்க வீட்டுது எங்க ஐயா?

— குப்பையில.

— குப்பையிலயா?

— கொண்டுவந்து ஃபிரிட்ஜ் தலையில வெச்சான். போதகர் வந்து காப்பி குடிக்கற இடம் இது. 'இது என்ன சகோதரரே'ன்னு கேட்டா நான் என்ன சொல்றது? அன்னைக்கே எடுத்து எறிஞ்சேன். அவன் ஒரு வார்த்தை பேசல.

— பேசமாட்டான். உங்ககிட்ட அவன் எதையுமே பேசமாட்டான்.

— என்ன அர்த்தம் அதுக்கு?

— ஒண்ணும் இல்ல.

— பாதியில விடாதே.

— வசந்த காலத்துல மீன் பிடிக்கப் போறேன்னு ஏரிக்குப் போனானே, ஞாபகம் இருக்கா? வெள்ளிக்கிழமை போய் ஞாயித்துக்கிழமை வந்தான்.

— மீன் ஒண்ணையும் காணோமேன்னு கேட்டேன். கடிக்கலப்பான்னான்.

— அவன் ஏரிக்குப் போகல ஐயா. கவுண்டி ஜெயில்ல இருந்தான்.

— என்ன?

— சறுக்கிட்டான், ஒரே ஒரு தடவை. யாரும் பிடிக்கல, அவன் நிறம்கூட வரல. அவனே எனக்குப் போன் பண்ணி, 'டெலீனா, நேத்து ஒண்ணு போட்டுக்கிட்டேன்'னான். எங்க கோர்ட்டுல பெரிய சட்டம் அதுதான் ஐயா. சறுக்கினா, கேக்கறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு. சொல்லிட்டா வாரக் கடைசியில ஜெயில், அப்புறம் நாலு கூட்டம் கூடுதல், மறுபடி நட. மறைச்சாத்தான் வெளியே தள்ளுவாங்க. அடுத்த வாரம் அவன் எழுந்து அதைச் சொன்னப்போ கட்டடமே கைதட்டிச்சு. ஜட்ஜம்மா கேட்டாங்க, 'வீட்டுல சொல்லிட்டியா லோனி'ன்னு. 'அங்க மட்டும் முடியாதும்மா, எங்கப்பாகிட்ட நான் மீன் பிடிச்சுக்கிட்டிருக்கேன்'னான். எல்லாரும் சிரிச்சாங்க.

— என் பேரைச் சொல்லிச் சிரிச்சாங்களா?

— உங்களைப் பாத்து இல்ல ஐயா.

— தூண்டில்ல மண்ணே ஒட்டலையேன்னு பார்த்தேன். பார்த்துட்டு விட்டுட்டேன்.

— கேளுங்க ஐயா. நான் உங்களைக் குத்த வரல. அந்த அறையில ஏதாவது இருந்திருந்தா சொல்லிடுங்க. ஒரு ஊசி, ஒரு பொட்டலம், எதுவா இருந்தாலும். யாரையும் கைது பண்றதுக்கு இல்ல. இந்த வாரம் இந்தக் கவுண்டியில இன்னும் ரெண்டு பொண்ணுங்க விழுந்திருக்காங்க, ஒருத்தி இன்னும் கண் திறக்கல. ஏதோ கெட்ட சரக்கு சுத்துது. அது லோனி கைக்கும் வந்துதான்னு தெரிஞ்சா, என்கிட்ட இருக்கற மத்தவங்க வீட்டுக் கதவையெல்லாம் இன்னைக்கே தட்டுவேன்.

— எங்க வீட்டுக்கு எதுவும் வரல.

— ஆம்புலன்ஸ்ல வந்த பையன் சொன்னான், அறை அவ்வளவு சுத்தமா இருந்ததுன்னு. விரிப்பு புதுசா மாத்தியிருந்துதாம்.

— எங்க வீடு எப்பவும் சுத்தம்தான்.

— நான் லோனி அறைக்குச் சோதனைக்கு வந்திருக்கேன் ஐயா. தரையைக் கண்டுபிடிக்கவே நேரமாகும்.

— அன்னைக்குச் சுத்தமா இருந்தது. வேற?

— இன்னொண்ணையும் சொல்லிடறேன். அவன் சறுக்கியிருந்தாலும் ஜட்ஜம்மா பேரைப் படிப்பாங்க. 'நடந்தான், விழுந்தான், எழுந்தான், கடைசி வரைக்கும் நடந்துக்கிட்டேதான் இருந்தான்'னு சொல்லிப் படிப்பாங்க. கேட்டுட்டேன். அதுல ஒரு குறையும் வராது.

— அப்படிப் படிக்கறதா இருந்தா படிக்கவே வேண்டாம்.

— ஏன் ஐயா?

— விழுந்தான்னு ஒரு வார்த்தை, அந்தக் கூடத்துல, ஸ்லோன்கிற பேருக்குப் பக்கத்துல வரக் கூடாது. நாளைக்கு அவனைப் புதைக்கறேன். மறுநாள் அவனைப் போதைக்காரன்னு எழுந்து நின்னு சொல்றதுக்கா நான் கேக்கறேன்? சுத்தமா இருந்தான், சுத்தமா முடிச்சான். அது ஒண்ணு. இல்லேன்னா ஒண்ணுமே வேண்டாம்.

— சரி. அப்போ நேரா கேட்டுடறேன். ஒரே தடவைதான் கேப்பேன். அந்த அறையில எதுவும் இல்லையா?

— இல்ல.

— நீங்க உள்ள போனப்போ அவனுக்கு உயிர் இல்லையா?

— இல்ல.

— உங்க வாக்குன்னு ஜட்ஜம்மாகிட்ட சொல்லலாமா?

— எல்பர்ட் ஸ்லோன் வாக்குன்னு சொல்லு. இந்த ஓடையில அதை ரெண்டாவது தடவை கேட்டவன் கிடையாது.

— போதும் ஐயா. எனக்கு இது போதும். பாரம் இறங்கின மாதிரி இருக்கு. உண்மையைச் சொல்றேன், வர்ற வழியெல்லாம் வேற மாதிரி நினைச்சுக்கிட்டே வந்தேன். மன்னிச்சுக்கோங்க.

— நீ பார்த்ததெல்லாம் அப்படிப்பட்ட ஜனங்க. நினைக்கத்தான் தோணும்.

— வியாழக்கிழமை நீங்க வருவீங்களா?

— வருவேன். முதல் வரிசையில உட்காருவேன். டை கட்டிக்கிட்டு.

— பேரைப் படிச்சதும் எல்லாரும் கைதட்டுவாங்க. நீங்களும் தட்டணும்.

— தட்டறேன்.

— நிஜமாவா?

— ஒரு தடவை சொன்னா சொன்னதுதான். இந்தா, இதுல ஒரு ஹாமை எடுத்துட்டுப் போ. ஊர்ல இருக்கற பன்றியெல்லாம் என் சமையலறைக்குத்தான் வந்திருக்கு. ஹேசல் கொடுத்த பீன்ஸையும் எடுத்துக்கோ. உப்பில்லாம செய்வா, உங்கம்மாகிட்டக் கொடுத்துச் சரிபண்ணச் சொல்லு.

— அம்மா அதுலயும் நாலு வார்த்தை சேர்ப்பாங்க. ஆ, மறந்தே போயிட்டேன். அடக்க வேலை பார்க்கற மெர்ல் எனக்குத் தூரத்துச் சொந்தம். நேத்து பார்த்தப்போ சொன்னாரு, 'எத்தனையோ வருஷமா இந்த வேலை பாக்கறேன், இப்படி ஒருத்தரைக் கொண்டுவந்து நான் பாத்ததே இல்ல. எனக்கு ஒரு வேலையும் வைக்கல'ன்னாரு. முகச்சவரம் பண்ணியிருந்துதாம். தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டிருந்துதாம்.

— வெளியாளுங்க வீட்டுக்குள்ள வரும்போது என் மகன் அழுக்குப் பனியனோட கிடப்பானா? அந்தச் சட்டை அவன் வியாழக்கிழமைக்குன்னு வாங்கினது. நான்தான் இஸ்திரி போட்டேன். எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணிட்டுத்தான் ஆம்புலன்ஸுக்கே போன் பண்ணேன்.

— யார் ஒத்தாசை பண்ணாங்க?

— யாரும் இல்ல. எவனுக்குக் காட்டணும்?

— தனியாவா? எங்கண்ணன் போனப்போ நாங்க மூணு பேர் சேர்ந்தும் சட்டை போட முடியல ஐயா. கை மரக்கட்டை மாதிரி ஆயிடுச்சு, மடங்கவே இல்ல. கடைசியில முதுகுப்பக்கம் கத்தரிச்சுத்தான் மாட்டினோம். லோனி அவ்வளவு பெரிய உடம்பு. இந்த வயசுல நீங்க ஒருத்தரா எப்படித்தான்...

— இதுல என்ன இருக்கு? 'ஆளுங்க வரப்போறாங்க, கையைத் தூக்குடா'ன்னேன். அவனே தூக்கிக் கொடுத்தான்.